அறுத்தது யார்? காம்காஸ்ட் – பிட்டொரன்ட் விவகாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2007-இன் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ராப் டோபால்ஸ்கி என்பவர் தன் வீட்டுக் கணினியிலிருந்து சில பழைய பாட்டுகளைப் பிறருடன் பகிர முயன்றார். ‘பார்பர்ஷாப்’ என்று அங்கே சொல்லப்படும் நால்வர் பாட்டு அது. வாத்தியம் கிடையாது, நான்கு குரல்கள் மட்டும். பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன பதிவுகள் என்பதால் சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை. பாட்டைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஆனால் அனுப்பத் தொடங்கினால் போகவில்லை. வலைத்தளங்கள் திறந்தன, மின்னஞ்சல் வந்தது, பதிவிறக்கமும் நடந்தது. இந்தப் பதிவேற்றம் மட்டும் தொடங்கித் தொடங்கி அறுந்தது.

இந்த மாதிரி நேரத்தில் நாம் என்ன செய்வோம்? ரௌட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுவோம். மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவோம். ஃபயர்வாலில் எதையாவது மாற்றிப் பார்ப்போம். கடைசியில் “நம்ம கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு” என்று விட்டுவிடுவோம். இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். கோளாறு கம்பியின் மறுமுனையில், மாதாமாதம் நம்மிடம் பணம் வாங்கும் நிறுவனத்திடம் இருந்தது. பழியை மட்டும் வாடிக்கையாளர் தன் தலையில் போட்டுக்கொண்டார். எந்த வகைப் போக்குவரத்தையும் இணைய நிறுவனம் பாரபட்சமில்லாமல் கொண்டுபோக வேண்டும் என்ற இணையச் சமநிலை, அதாவது நெட் நியூட்ராலிட்டி பற்றிப் பேசும்போது வேகம், விலை, போட்டி எல்லாம் வரும். அவற்றுக்கெல்லாம் முன்னால் வைக்க வேண்டிய கேள்வி, என் இணைப்பில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வழி உண்டா என்பது.

டோபால்ஸ்கி மென்பொருள் சோதனையிலும் வலையமைப்புகளிலும் அனுபவம் உள்ளவர். அதனால் அவர் விட்டுவிடவில்லை.

பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தபோது

இணையத்தில் எதுவும் சிறு சிறு துண்டுகளாகத்தான் போகும், ஒரு துண்டுக்குப் பெயர் பாக்கெட். கணினிக்குள் வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் பதிவு செய்யும் மென்பொருள்கள் உண்டு. அப்படி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்ததில், இணைப்பு அறுவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான பாக்கெட் வந்து விழுவதை அவர் கவனித்தார்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், வழக்கே இதில்தான் நிற்கிறது. இரண்டு கணினிகள் டி.சி.பி. என்ற தகவல் பரிமாற்ற முறையில் பேசும்போது ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, வரிசை எண் எல்லாம் இருக்கும். அங்கேயே ‘ரீசெட்’ என்ற ஒரு சிறு குறிக்கும் இடம் உண்டு. அந்தக் குறி போட்ட பாக்கெட் வந்தால், “நம் பேச்சு முடிந்தது, இப்போதே விட்டுவிடு” என்று பொருள். ஒரு கணினி திடீரென்று செயலிழந்து மறுபடி எழும்போது, பழைய இணைப்பைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில் மறுமுனைக்கு இதை அனுப்பும். மறுமுனை அதை நம்பும். கேள்வி கேட்காது, காத்திருக்காது, உடனே தொடர்பை முறித்துக்கொள்ளும்.

டோபால்ஸ்கிக்கு வந்த ரீசெட் பாக்கெட்டில் அனுப்பியவர் முகவரி என்று இருந்தது, அவரிடம் பாட்டுக் கேட்டு வந்த ஆளின் முகவரி. ஆனால் அந்த ஆள் அதை அனுப்பவே இல்லை. நடுவில் இருந்த ஒரு கருவி அவர் பெயரில் எழுதி அனுப்பியிருந்தது. அந்தப் பக்கம் இருந்தவருக்கும் அப்படியே, டோபால்ஸ்கியின் பெயரில் ஒரு ரீசெட் போயிருந்தது. இரண்டு பேரும் “எதிராளிதான் வைத்துவிட்டார்” என்று நினைத்து விலகினார்கள்.

நடுவில் இருந்தது சாண்ட்வைன் என்ற கனடிய நிறுவனத்தின் கருவி. அதை வைத்தது அவருடைய இணைய நிறுவனமான காம்காஸ்ட். போகிற வருகிற போக்குவரத்தை ஓரமாக நின்று பார்த்து, எது பிட்டொரன்ட், எது நுட்டெல்லா என்று உள்ளடக்கத்தின் அமைப்பை வைத்து அது அடையாளம் காணும். பயனர்களின் கணினிகள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைகள் இவை. முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுக்க மட்டும் செய்பவர்களின் இணைப்புகள் ஒரு பகுதியில் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால், போலி ரீசெட்டுகளை அனுப்பத் தொடங்கும். ஏரீஸ், பிட்டொரன்ட், இடான்கி, ஃபாஸ்ட்ராக், நுட்டெல்லா என்று ஐந்து வகைகள் குறிவைக்கப்பட்டன. இந்த விவரத்தைக் காம்காஸ்ட் அரசு ஆணையத்திடம் முழுமையாக எழுதிக் கொடுத்தது 2008 செப்டம்பரில். அதுவும் உத்தரவு வந்த பிறகுதான்.

2007 மே மாதம் டோபால்ஸ்கி தான் கண்டதை இணையத்தில் எழுதினார். காம்காஸ்ட் வாடிக்கையாளர்கள் பலர் தங்களுக்கும் இப்படித்தான் ஆகிறது என்றார்கள். அதுவரை அவரவர் ரௌட்டரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பைபிள் போகவில்லை

ஒரு தனிமனிதர் சொல்வதை நிறுவனம் எளிதாகத் தள்ளிவிடலாம். திருப்பம் வந்தது 2007 அக்டோபர் 19 அன்று. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் பீட்டர் ஸ்வென்சன், நாட்டின் வெவ்வேறு இடங்களில் இருந்த கணினிகளைக் கொண்டு சோதனை நடத்தி வெளியிட்டார். அனுப்பிப் பார்த்த கோப்பு, கிங் ஜேம்ஸ் பைபிள். மூன்று முறை முயன்றதில் இரண்டு முறை போகவே இல்லை. மூன்றாம் முறை பத்து நிமிடத் தாமதத்துக்குப் பிறகுதான் தொடங்கியது.

எந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முக்கியம். ‘பிட்டொரன்ட் என்றாலே திருட்டுப் படம்’ என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு இங்கே இடமே இல்லாமல் போயிற்று. கருவி கோப்பின் நியாயத்தைப் பார்க்கவில்லை, அனுப்பும் முறையைத்தான் பார்த்தது. பைபிளும் பழம்பாட்டும் ஒன்றாகவே அறுந்தன.

அடுத்து எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு தனியாகச் சோதித்தது. இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரு முனையில் ‘வந்தது’ என்று இருக்கும் ரீசெட், மறுமுனையின் பதிவில் ‘அனுப்பப்பட்டது’ என்று இல்லை. இதற்கு மேல் வாதாட எதுவும் இல்லை. நடுவழியில் யாரோ எழுதிப் போட்டது அது என்று உறுதியாயிற்று.

காம்காஸ்டின் பதில் படிப்படியாக மாறியது. எந்தத் தளத்தையும் எந்தப் பயன்பாட்டையும் தடுப்பதில்லை என்பது முதல் பதில். தடுக்கவில்லை, சற்றுத் தாமதப்படுத்துகிறோம் என்பது அடுத்தது. நெரிசல் மிகுந்த நேரத்தில் மட்டும்தான் என்பது அதற்கும் அடுத்தது. இந்தக் கடைசிப் பதிலும் நிற்கவில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனம் யார் வேண்டுமானாலும் தன் இணைப்பைச் சோதித்துக்கொள்ளும் ஒரு கருவியை வைத்திருந்தது. 2008 மே மாதம் வெளியான முடிவுகளின்படி, சோதித்துப் பார்த்த 788 காம்காஸ்ட் வாடிக்கையாளர்களில் 491 பேருடைய இணைப்பு அறுக்கப்பட்டிருந்தது. நள்ளிரவு, விடிகாலை, மத்தியானம் என்று எல்லா நேரத்திலும் அது நடந்திருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கோப்புப் பகிர்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத லோட்டஸ் நோட்ஸ் என்ற அலுவலக மின்னஞ்சல் மென்பொருளும் அந்த ஆண்டு இதே கருவியால் அடிபட்டது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கோப்பு சேர்த்து அஞ்சல் அனுப்பியவர்களின் தொடர்பு பாதியில் அறுந்தது. பிறகு நடந்த இழப்பீட்டு வழக்கின் சமரசத்தில் 2007 மார்ச் 26 முதல் அக்டோபர் 3 வரை லோட்டஸ் நோட்ஸ் பயன்படுத்தியவர்களையும் சேர்த்தார்கள். வேலை கெட்டுப்போன அந்த ஆறு மாதமும் அவர்கள் யாரைச் சந்தேகித்திருப்பார்கள்? அலுவலக சர்வரை, தங்கள் மடிக்கணினியை, கடைசியில் தங்களை.

நெரிசல் உண்மைதானே?

உண்மைதான். இதை மறுத்துப் பேசுவது சரியல்ல. கேபிள் வலையமைப்பு தொலைக்காட்சிக்காகப் போடப்பட்டது. நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏராளமாக வரலாம், வீட்டிலிருந்து திரும்பிப் போகும் பாதையோ குறுகலானது. அந்தக் குறுகிய பாதையை ஒரு வட்டாரத்தின் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. பிட்டொரன்ட்டோ நாள் முழுக்கப் பதிவேற்றிக்கொண்டே இருக்கும். நாலு வீட்டில் அது ஓடினால் ஐந்தாவது வீட்டில் தொலைபேசி அழைப்பு இழுபடலாம். அந்த ஐந்தாவது வீட்டுக்காரரும் பணம் கட்டுபவர்தான்.

ஆனால் காம்காஸ்ட் எடுத்த மருந்து நோய்க்குப் பொருந்தவில்லை. பாதையை நிறைப்பவர் யார் என்று அது பார்க்கவில்லை. கொஞ்சமாகப் பயன்படுத்தும் ஒருவர் பிட்டொரன்ட்டில் ஒரு சிறு கோப்பைக் கொடுத்தால் அறுந்தது. வேறு முறையில் மலைமலையாய் அனுப்பியவரை அது தொடவில்லை. காலியான நேரத்திலும் அறுத்தது. இத்தனைக்கும் காம்காஸ்ட் வெறும் கம்பி நிறுவனம் இல்லை, கேட்டவுடன் படம் காட்டும் தொலைக்காட்சிச் சேவையையும் விற்கும் நிறுவனம். பிட்டொரன்ட் வழியே சட்டப்படி வீடியோ கொடுத்த வூஸ் போன்ற நிறுவனங்கள் அதற்குப் போட்டி. வூஸ் 2007 நவம்பரில் முறையிட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆணையத்தின் முன்

ஃப்ரீ பிரஸ், பப்ளிக் நாலெட்ஜ் என்ற இரண்டு பொதுநல அமைப்புகள் 2007 நவம்பர் 1 அன்று எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தில் புகார் கொடுத்தன. அவர்கள் கையில் இருந்த ஆயுதம், 2005 ஆகஸ்டில் அந்த ஆணையம் அறிவித்த நான்கு கொள்கைகள். சட்டத்துக்கு உட்பட்ட எந்த உள்ளடக்கத்தையும் பெறலாம், விரும்பிய பயன்பாட்டை ஓட்டலாம், வலைக்குத் தீங்கு செய்யாத எந்தச் சாதனத்தையும் இணைக்கலாம், நிறுவனங்களுக்கிடையே போட்டி இருக்க வேண்டும் என்பவை அவை. நெரிசலைச் சமாளிப்பது போன்ற நியாயமான வலையமைப்பு மேலாண்மைக்கு மட்டும் விலக்கு. அவை கொள்கைகள்தான், விதிகள் அல்ல. இந்த வித்தியாசம் பின்னால் கழுத்தைப் பிடித்தது.

2008 பிப்ரவரி 25 அன்று ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பொது விசாரணை. அரங்கம் நிறைந்து, வந்த பொதுமக்கள் பலர் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. தன் ஊழியர்களுக்கு இடம் பிடித்துவைக்க ஆட்களுக்குப் பணம் கொடுத்து உட்காரவைத்ததைக் காம்காஸ்ட் பிறகு ஒப்புக்கொண்டது. நுகர்வோர் பேச வேண்டிய அறையில் நுகர்வோருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை. ஏப்ரல் 17 அன்று ஸ்டான்ஃபோர்டில் நடந்த இரண்டாவது விசாரணைக்குக் காம்காஸ்ட் வரவில்லை. டோபால்ஸ்கி வந்து சாட்சி சொன்னார்.

இதற்கிடையில் மார்ச் 27 அன்று காம்காஸ்டும் பிட்டொரன்ட் நிறுவனமும் ஓர் உடன்பாட்டை அறிவித்தன. எந்த முறை என்று பார்த்து அறுப்பதை ஆண்டு இறுதிக்குள் நிறுத்துவதாகக் காம்காஸ்ட் சொன்னது.

2008 ஆகஸ்ட் 1 அன்று ஆணையம் 3–2 வாக்கில் காம்காஸ்டுக்கு எதிராகத் தீர்மானித்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைவர் கெவின் மார்ட்டின், ஜனநாயகக் கட்சியின் இரண்டு உறுப்பினர்களோடு சேர்ந்து வாக்களித்தார். தன் கட்சியினர் இருவரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். கடிதத்தை முகவரி பார்த்து, தபால்தலை பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பதிலாக, உறையைப் பிரித்து உள்ளே எந்த வகைக் கடிதம் என்று பார்த்து முடிவு செய்வது போன்றது இது என்று உத்தரவு சொன்னது. அபராதம் விதிக்கவில்லை. முப்பது நாளுக்குள் என்ன செய்தோம், எங்கே செய்தோம் என்று முழுவதும் வெளியிட வேண்டும், ஆண்டு முடிவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதே ஆணை.

அபராதம் இல்லையே என்று வருந்தியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த உத்தரவின் உயிர் வெளியிடச் சொன்ன பகுதியில்தான் இருக்கிறது.

ஏனென்றால் வெளியே சொல்ல வேண்டும் என்று வந்ததும் முறையே மாறிவிட்டது. புதிய முறையைக் காம்காஸ்ட் எண்களோடு எழுதி வைத்தது. வட்டாரத்தின் பதிவேற்றப் பாதை பதினைந்து நிமிடத்துக்கு 70 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் தன் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். அப்போது அவருடைய போக்குவரத்து வரிசையில் சற்றுப் பின்னால் தள்ளப்படும். பதினைந்து நிமிடத்துக்கு 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பழைய இடம் திரும்பக் கிடைக்கும். எந்த மென்பொருள் என்று பார்ப்பதில்லை, யார் பெயரிலும் போலியாக எதையும் அனுப்புவதில்லை. 2010 டிசம்பரில் இது ஆர்.எஃப்.சி. 6057 என்ற எண்ணில் பொது ஆவணமாகவே வெளியானது. அதே கம்பி, அதே நெரிசல். நேர்மையாகவும் சமாளிக்க முடியும் என்று அதே நிறுவனம் தன் கையாலேயே காட்டிவிட்டது.

நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

நிறுத்தச் சொன்னதை நிறுத்தினாலும், காம்காஸ்ட் அந்த உத்தரவை எதிர்த்து வழக்குப் போட்டது. 2010 ஏப்ரல் 6 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் டேட்டல்.

போலி ரீசெட் அனுப்பியது சரி என்று அந்தத் தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. இதைத் தண்டிக்க ஆணையத்துக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது என்று மட்டும் கேட்டது. பதில் இல்லை. இதற்கு வேர் 2002-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆணையமே கேபிள் இணையத்தைத் ‘தொலைத்தொடர்புச் சேவை’ அல்ல, ‘தகவல் சேவை’ என்று வகைப்படுத்தியது. 2005-இல் பிராண்ட் எக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தொலைத்தொடர்புச் சேவை என்றால் பாரபட்சம் காட்டாமல் எல்லாரையும் ஒன்றாக நடத்தும் கடமை தானாக வந்து சேரும். தகவல் சேவை என்றால் அந்தக் கடமை இல்லை. ஒரு பெயர்ப் பலகையை மாற்றியதில் காவல்காரர் கையிலிருந்த தடி போய்விட்டது.

இழப்பீட்டு வழக்கு தனியாக நடந்து 2009 டிசம்பரில் 1.6 கோடி டாலரில் சமரசமாயிற்று. ஒருவருக்கு அதிகபட்சம் 16 டாலர். சமரசம் கணக்கில் எடுத்த இரண்டே முக்கால் ஆண்டுக் காலத்துக்கு இவ்வளவுதான்.

பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பெயர்ப் பலகைக்கான இழுபறி. 2010 டிசம்பரில் புதிய விதிகள், 2014 ஜனவரியில் வெரைசன் என்ற நிறுவனம் போட்ட வழக்கில் அவற்றின் முக்கியப் பகுதிகள் ரத்து. 2015-இல் இணையத்தைத் தொலைத்தொடர்புச் சேவை என்று மாற்றி வலுவான விதிகள், 2016-இல் அதை நீதிமன்றம் ஏற்றது. 2017 டிசம்பரில் ஆணையமே அதை நீக்கியது. 2018-இல் கலிஃபோர்னியா தனக்கென்று சட்டம் போட்டது. 2024 ஏப்ரலில் ஆணையம் விதிகளை மீட்டது, 2025 ஜனவரி 2 அன்று ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைத் தள்ளியது. ஆட்சி மாறினால் பலகை மாறும்.

இந்த இழுபறியில் நுகர்வோர் எப்படி நடுவில் விழுகிறார் என்பதற்கு இன்னொரு வழக்கைப் பார்க்கலாம். ‘அன்லிமிடெட்’ என்று விற்ற திட்டத்தில், மாதம் 2 ஜி.பி. தாண்டியவர்களின் வேகத்தைக்கூட ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி நிறுவனம் இழுத்துப் பிடித்தது என்று வணிக ஆணையமான எஃப்.டி.சி. 2014-இல் வழக்குப் போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். ஏ.டி. அண்ட் டி. முதலில் வைத்த வாதம், “நாங்கள் பொதுத் தொடர்பு நிறுவனம் (எல்லாரையும் ஒன்றாக நடத்தும் கடமை உள்ள தொலைத்தொடர்பு நிறுவனம்), எங்களை விசாரிக்க எஃப்.டி.சி.க்கு அதிகாரம் இல்லை” என்பது. ஓர் ஆணையத்தின் முன் இந்தத் துறை “நாங்கள் பொதுத் தொடர்புச் சேவை அல்ல” என்கிறது. இன்னோர் ஆணையத்தின் முன் அதே துறையின் பெரிய நிறுவனம் “நாங்கள் அதுதான்” என்கிறது. 2018-இல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2019-இல் 6 கோடி டாலரில் வழக்கு முடிந்தது. அங்கேயும் தவறு, வேகத்தைக் குறைத்ததைவிட, குறைப்போம் என்பதை ஒழுங்காகச் சொல்லாமல் விற்றதுதான்.

சந்தாதாரர் கையில் இருப்பது

2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் பேரில், 2024 ஏப்ரல் முதல் பெரிய இணைய நிறுவனங்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு விவர அட்டை காட்ட வேண்டும் என்று வந்தது. உணவுப் பொட்டலத்தின் பின்னால் சத்து விவரம் அச்சிடுவது போல, மாதக் கட்டணம், கூடுதல் கட்டணம், வேகம், தாமதம், தரவு அளவு எல்லாம் அதில் இருக்கும். வலையமைப்பு மேலாண்மைக் கொள்கைக்கு ஓர் இணைப்பும் உண்டு. பெரும்பாலோர் விலையைப் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த இணைப்பைத் திறந்து படியுங்கள். நெரிசல் என்றால் எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், அப்போது யாருக்கு என்ன ஆகும், எப்போது சரியாகும் என்று எண்ணோடு எழுதியிருக்கிறதா, இல்லை “சேவைத் தரத்தைக் காக்கத் தகுந்த நடவடிக்கை எடுப்போம்” என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது மாதிரி இருந்தால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். அப்புறம் ஒரு பயன்பாடு மட்டும் தொடர்ந்து மக்கர் செய்தால், ரௌட்டரைப் பிடுங்குவதற்கு முன் அதே வேலையை வேறொரு நிறுவனத்தின் இணைப்பில் செய்து பார்த்து, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு முனைகளிலும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து வையுங்கள்.